சீனத்துக் காதலர் நாளில் ஒரு மணித்தியாலம்

என் தங்கை பரமேஸ் முப்பத்தைந்து வருடமாக ரொறன்ரோவில் இருக்கிறாள். அவ்வளவு காலத்திலும் என்னை ஒருநாளும் வரச்சொல்லிக் கூப்பிட்டதில்லை. இந்த ஆவணியில் திடீரென்று டிக்கெட் அனுப்பினாள். அதன் பின்னாலேயே ஃபோனில் கட்டளையும் வந்தது.

"அண்ணை, ஸ்ரௌவ்வில்லில ஒரு மாப்பிள்ளை வந்திருக்கு. நீங்கள் சொன்னாத்தான் சிந்துஜா கேப்பாள். வந்து அவளை ஓம் எண்டு சொல்லவைச்சிட்டுப் போங்கோ. வரேக்கை பனங்கட்டியும் கொண்டு வாங்கோ."

சிந்துஜா பரமேசின் ஒரே மகள். பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்கில் பல் துப்புரவு செய்கிற வேலை. அடுத்த கிழமை முப்பத்து நான்கு வயதாகிறது. அவளுக்கு இன்னும் கலியாணம் சரிவராததற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். அவளுடைய சாதகத்தில் எட்டாம் வீட்டில் செவ்வாய் இருக்கிறது. அப்படி இருந்தால் கட்டுகிறவனுக்கு ஆகாது என்பார்கள். அதே குற்றம் உள்ள மாப்பிள்ளையாகத் தேடிக் கட்டினால் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். ஸ்ரௌவ்வில் மாப்பிள்ளைக்கும் எட்டில் செவ்வாய்.

சிந்துஜாவின் சாதகத்தைக் கணித்தவன் நான். யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றிருக்கிறேன். சாதகம் கணிப்பது நாற்பது வருடப் பழக்கம். என் கணக்கில் பிழை வராது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். நான்தான் சொல்லியிருக்கிறேன்.

விமான நிலையத்தில் அதிகாரி எதற்காக வந்தீர்கள் என்று கேட்டார். ஒரு கலியாண விஷயம் என்றேன். எப்போது கலியாணம் என்றார். பெண் இன்னும் சம்மதிக்கவில்லை என்றேன். அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஆறு மாதத்துக்கு முத்திரை குத்தினார். அது போதும் என்று நினைத்தார்போலும். அடுத்த மேசையில் பனையோலையில் பொதிந்த பனங்கட்டிக் குட்டானைப் பிரித்து மணந்து பார்த்தார்கள். மணந்தவர் இன்னொருவரைக் கூப்பிட்டு அவரையும் மணக்கச் சொன்னார். பிறகு மரியாதையாகக் கட்டித் தந்துவிட்டார்கள்.

பரமேசின் வீடு டோர்செட் பார்க்கில், மாடிக் கட்டடம் ஒன்றின் பதினோராம் தட்டில். இரண்டு லிஃப்டில் ஒன்று வேலை செய்யாது. வேலை செய்வது எல்லாத் தட்டிலும் நிற்கும். கதவு திறக்கும்போதெல்லாம் ஒவ்வொரு கறியின் வாசம் உள்ளே வந்தது. எங்கள் ஒழுங்கையில் பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் எனக்குத் தெரியும், சமையல் தெரியாது. இங்கே சமையல் தெரிகிறது, சண்டை தெரிவதில்லை. பரமேஸ் காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும் வைத்தாள். ஊரில் புறப்பட்ட அன்று சாப்பிட்டதும் அதுதான். அவ்வளவு தூரம் பறந்து வந்ததில், தேங்காய்ப்பால் தகரத்திலிருந்து வந்தது ஒன்றுதான் வித்தியாசம்.

பின்னேரம் சிந்துஜா வேலையால் வந்தாள். என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமா, அம்மா உங்களை ஏன் கூப்பிட்டவ எண்டு எனக்குத் தெரியும். ரென்ஷன் ஆகாதேங்கோ. ஞாயிற்றுக்கிழமை அவையளுக்கு ஓம் எண்டு சொல்லத்தான் இருக்கிறன்."

வந்த வேலை முதல் நாளே பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆனால் அவள் சொன்ன விதம் பல் பிடுங்கச் சம்மதிக்கிறவர்களின் விதம். அவள் தொழிலில் தினமும் கேட்கிற குரலாக இருக்கும். பெடியனைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன்.

"பிடிக்காமல் இல்லை. நல்ல மனுசன். எனக்குப் பொருந்துற வேற ஆக்கள் இல்லை எண்டு நீங்கள்தானே எழுதித் தந்தனீங்கள்."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எழுந்துபோய்ப் பனங்கட்டியில் ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

பொருந்துகிற ஒருவன் ஒரு காலத்தில் இருந்தான். கௌதமன் என்று பெயர். பல்கலைக்கழகத்தில் கூடப் படித்தவன், நான்கு வருடப் பழக்கம். அவனுடைய தாயார் சிந்துஜாவின் சாதகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பத்துப் பொருத்தத்தில் எட்டு இருந்தது. எட்டில் செவ்வாயும் இருந்தது. அந்த அம்மா மகனின் உயிர்தான் முக்கியம் என்று சொல்லிவிட்டார். கௌதமன் அடுத்த வருடமே வேறு கட்டி இப்போது பிறம்ரனில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறான். அந்த நேரம் பரமேஸ் ஃபோனில் அழுதபோது, கிரகத்துக்கு நாங்கள் என்ன செய்யலாம் என்று நான் ஆறுதல் சொன்னேன்.

இரண்டாம் நாள் தனியே கோயிலுக்குப் புறப்பட்டேன். பஸ் இலக்கம் சரி, திசை பிழை. கடைசித் தரிப்பில் எல்லோரும் இறங்கிப் போக நான் மட்டும் இருந்தேன். சாரதி யமேக்காக்காரர், பெரிய மனிதர். அவர் திரும்பிப் பார்த்தார்.

"இதோடு பஸ் முடிகிறது, ஐயா."

"தெரியும். உங்களோடேயே திரும்பி வருகிறேன்."

"எனக்குப் பன்னிரண்டு நிமிடம் ஓய்வு இருக்கிறது."

அந்தப் பன்னிரண்டு நிமிடமும் பேசிக்கொண்டிருந்தோம். என்ன தொழில் என்று கேட்டார். பிறந்த நேரத்தை வைத்து யாருக்கு யார் பொருத்தம் என்று கணக்குப் பார்ப்பேன் என்றேன். "நான் மூன்று தரம் கலியாணம் கட்டினேன். அப்போதெல்லாம் நீங்கள் எங்கே போயிருந்தீர்கள்?" என்று கேட்டார். எங்களூர் பஸ்ஸில் இப்படிக் கதைத்தால் நடத்துனர் முதலில் டிக்கெட்டைக் கேட்பார். கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தது.

மூன்றாம் நாள் மாப்பிள்ளை சபேசன் தானே காரைக் கொண்டுவந்து என்னையும் பரமேசையும் ரொறன்ரோவுக்கு வெளியே இருக்கிற ஸ்ரௌவ்வில்லுக்கு ஏற்றிப்போனான். நாற்பத்திரண்டு வயது, நரைத்த மீசை, அதிகம் கதைக்காத ஆள். பிறம்ரனில் லொறிகளை எங்கெங்கே அனுப்புவது என்று பார்க்கிற வேலை. ஸ்ரௌவ்வில்லில் வீடுகளெல்லாம் ஒரே அச்சு. கார் இல்லாமல் அங்கே உப்புக்கூட வாங்க முடியாது. சபேசனே ஒருதரம் அடுத்த வீட்டு வாசலுக்குக் காரைத் திருப்பிவிட்டுப் பின்னுக்கு எடுத்தான். தாயார் ரோல்ஸ், பற்றீஸ், உழுந்துவடை, கேக் எல்லாம் ஒரே மேசையில் பரப்பி வைத்திருந்தார். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் நான்கு படுக்கை அறை. எல்லாவற்றையும் திறந்து காட்டினார்கள். இரண்டில் கட்டில் விரிப்பு உறைகூடப் பிரிக்காமல் இருந்தது.

சபேசன் என்னை வீட்டுப் பின்பக்கம் கூட்டிப்போய் மிளகாய்க் கன்றுகளைக் காட்டினான்.

"அங்கிள், எனக்கு இருபத்தாறு வயசிலயிருந்து பாக்கினம். பிள்ளையைப் பிடிச்சிருந்தா செவ்வாய் இராது. செவ்வாய் இருந்தா பிள்ளைக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் களைச்சுப்போச்சு. சிந்துஜாவுக்கு விருப்பமில்லையெண்டா வற்புறுத்தாதேங்கோ."

எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. சிந்துஜாவுக்கு நல்ல இடம் என்று திருப்தியோடு இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. பரமேசின் எதிர்வீட்டில் மிஸிஸ் லியூ என்று ஒரு சீன அம்மா இருக்கிறார். இரண்டு பேரும் ஒரே தையல் ஃபக்டறியில் இருபத்திரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்து மெஷினில் இருந்தவர்கள். இருவருக்கும் சேர்த்து ஐம்பது ஆங்கிலச் சொல் இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு ஊர் உலகமெல்லாம் கதைக்கிறார்கள். இரண்டும் பாகற்காய் சமைக்கிற வீடுகள் என்பதால் ஒருவருக்கொருவர் நம்பிக்கை. அன்று மிஸிஸ் லியூ சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, ஏழாம் மாதம் ஏழாம் நாள், காதலர்களின் திருநாள், வாருங்கள் என்று எங்களைக் கூப்பிட்டார். எனக்கு எழுபது வயது, பரமேஸ் விதவை. போனோம்.

சீனர்களின் கடைத்தொகுதி ஒன்றின் நடு மண்டபத்தில் விழா. அவர்கள் சந்திரனை வைத்து மாதம் எண்ணுகிறவர்கள், ஆகவே ஏழாம் மாதம் ஆவணியில் வருகிறது. இதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நீண்ட மேசையில் முலாம்பழமும் நிலக்கடலையும் சிவப்புப் பேரீச்சம்பழமும் படைத்திருந்தார்கள். மாவையும் சீனியையும் பிசைந்து அச்சில் குத்திச் சுட்ட பலகாரம் ஒன்றைத் தந்தார்கள். எங்கள் பயற்றம் பணியாரத்தின் தூரத்துச் சொந்தம் மாதிரி இருந்தது, பயறு மட்டும் இல்லை. கடதாசியில் செய்த பாலம் ஒன்று நின்றது. அதன்மேல் காக்கை இனத்துப் பறவைகள் நூற்றுக்கணக்கில் ஒட்டியிருந்தன. இளம் சோடிகள் வரிசையில் நின்று பாலத்தின் முன்னால் படம் எடுத்துக்கொண்டார்கள். வரிசையில் நின்றபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, ஃபோனைத்தான் பார்த்தார்கள்.

கதையை மிஸிஸ் லியூ சொன்னார். வானத்தில் நெசவு செய்கிற பெண் பூமியில் மாடு மேய்க்கிறவனைக் கட்டிக்கொண்டாள். பிள்ளைகளும் பிறந்தன. பெண்ணின் தாயாருக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை. மகளைத் திருப்பி இழுத்துக்கொண்டு போனாள். அவன் துரத்திக்கொண்டு வர, கொண்டை ஊசியைக் கழற்றி வானத்தில் ஒரு கோடு கிழித்தாள். அது பெரிய ஆறாகிவிட்டது. வருடத்தில் இந்த ஒரு நாள் மட்டும் பறவைகள் கூடிப் பாலம் போட, இருவரும் சந்திப்பார்கள். அவர்கள் இருவரும் வானத்தில் எந்த நட்சத்திரங்கள் என்று சுவரில் படம் இருந்தது. மாடு மேய்க்கிறவன் எங்கள் திருவோணம், என் மனைவியின் நட்சத்திரம். நெசவுப் பெண் அபிசித்து. அதை எங்கள் சாத்திரத்தில் இருபத்தேழுக்குள் எண்ணுவதில்லை, விட்டுவிட்டோம். பரமேஸ் கதையைக் கவனமாகக் கேட்டுவிட்டு, "தாய் செய்ததிலயும் ஒரு நியாயம் இருக்கும்" என்றாள்.

இந்த நாளில் பெண்கள் கைத்திறமைக்காக வேண்டிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பது பழைய வழக்கமாம். அதைப் போட்டியாக வைத்திருந்தார்கள். ஏழு ஊசி, ஒரு சிவப்பு நூல். இருபது வயதுப் பெண்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். பரமேஸ் கண்ணாடியைக் கழற்றி மிஸிஸ் லியூவிடம் கொடுத்தாள், நூல் நுனியை எச்சில்படுத்தினாள், மற்றவர்கள் மூன்றாவது ஊசிக்கு வரமுன் ஏழையும் கோத்து மேசையில் வைத்தாள். பரிசு, சோடி வாத்துப் படம் போட்ட இரண்டு தலையணை உறை. அறிவிப்பாளர் அவளையும் கணவரையும் மேடைக்கு அழைத்தார். நான் தமையன் என்று விளங்கப்படுத்துவதற்குள் படம் எடுத்துவிட்டார்கள்.

மண்டபத்தின் மூலையில் கயிறு கட்டிக் கடதாசிகள் தொங்கின. கலியாணமாகாத பிள்ளைகளின் விவரத்தைப் பெற்றோர் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். வயது, உயரம், படிப்பு, சொந்த வீடு உண்டா. எங்கள் பேப்பரில் வருகிற மணமகன் தேவை விளம்பரத்தை வெட்டிக் காயப்போட்ட மாதிரி இருந்தது. பிள்ளைகள் ஒருவரும் அங்கே இல்லை. தாய்மார் மட்டும் ஒருவர் கடதாசியை ஒருவர் வாசித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு அம்மா என்னைக் காட்டி மிஸிஸ் லியூவிடம் ஏதோ கேட்டார். "இவர் தனி ஆளா?" என்று கேட்கிறாராம். ஊரில் மனைவி இருக்கிறாள் என்று சொல்லச் சொன்னேன். அந்த அம்மா பெரிதாக வருத்தப்படவில்லை.

கயிற்றுக்குப் பக்கத்தில் சின்ன மேசையில் ஒரு கிழவர் இருந்தார். பூதக்கண்ணாடி, தடித்த புத்தகம், பென்சில். சீனச் சாத்திரியார். பிறந்த நேரத்தை வாங்கிக் கணக்குப் போட்டுப் பொருத்தம் சொல்கிறவர். என் தொழிற்காரர் ஒருவரைக் கண்டால் பக்கத்தில் நின்று பிழை பிடிப்பது என் வழக்கம். பரமேஸ் கைப்பைக்குள் கையை விட்டு சிந்துஜாவின் சாதகத்தை எடுத்தாள். அதை அவள் ஹெல்த் கார்டோடு வைத்திருக்கிறாள்.

மிஸிஸ் லியூ மொழிபெயர்த்தார். பிறந்த வருடம், மாதம், நாள் எல்லாம் கிழவர் கேட்டார். செப்ரெம்பர் மாதம், பின்னேரம் ஆறு நாற்பது, இடம் ரொறன்ரோ. கிழவர் ஆறு நாற்பது என்று எழுதினார். பிறகு அதை வெட்டிவிட்டு ஐந்து நாற்பது என்று எழுதினார்.

நான் குறுக்கிட்டேன். "ஆறு நாற்பது."

கிழவர் பென்சிலை வைத்துவிட்டு மெதுவாக ஏதோ சொன்னார். மிஸிஸ் லியூ எனக்குத் திருப்பிச் சொன்னார்: "இந்த நாட்டில் கோடைகாலத்தில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைப்பார்கள். சூரியனுக்கு அது தெரியாது. ஆகவே கழிக்கவேண்டும் என்கிறார்."

சிந்துஜா பிறந்தது தொண்ணூற்றொன்றாம் ஆண்டு. போர்க்காலம், மின்சாரம் இல்லை. பிறந்த நேரத்தைக் குறித்து மைத்துனர், பரமேசின் கணவர், எழுதிய கடிதம் வந்துசேர இரண்டு மாதம் எடுத்தது. குப்பி விளக்கு வெளிச்சத்தில் பழைய தேசப்படப் புத்தகத்தைப் பார்த்தேன். ரொறன்ரோ கிரீன்விச்சுக்கு ஐந்து மணித்தியாலம் பிந்தியது என்று போட்டிருந்தது. அதை வைத்துக் கணித்தேன், மூன்று தரம் சரிபார்த்தேன். கோடையில் மணிக்கூட்டைத் தள்ளி வைக்கிற கதையை அந்தப் புத்தகம் சொல்லவில்லை. பிறகு தொண்ணூற்றாறில் இலங்கையிலும் மணியை மாற்றினார்கள். அந்தக் காலத்தில் பிறந்த எல்லாப் பிள்ளைக்கும் அதைக் கழித்துத்தான் சாதகம் எழுதினேன். கனடாவிலும் ஒருவன் மணியில் கைவைப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மேசையில் போய் உட்கார்ந்து, கை துடைக்கிற கடதாசியில் மறுபடி கணித்தேன். ஒரு மணித்தியாலத்தைக் கழிக்க, லக்கினம் கும்பத்திலிருந்து மகரத்துக்குப் போனது. செவ்வாய் கன்னியிலேயே இருந்தது. கும்பத்திலிருந்து எண்ணினால் கன்னி எட்டு. மகரத்திலிருந்து எண்ணினால் ஒன்பது. ஒன்பதாம் வீட்டுச் செவ்வாயால் ஒரு குற்றமும் இல்லை. இன்னொரு கடதாசியில் திருப்பிச் செய்தேன். ஒன்பது. சிந்துஜாவுக்கு ஒருநாளும் செவ்வாய்க் குற்றம் இருந்ததில்லை.

பரமேஸ் பலகாரத்தைக் கடித்துக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்தாள். "சீனன் சொல்லுறான், பிள்ளைக்குப் பிடிவாதமாம், பிந்தித்தான் கலியாணமாம். உதை நானே சொல்லுவன்" என்றாள். நான் கடதாசியைக் காட்டிச் சொன்னேன். அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். கௌதமனை நினைத்தாள் என்று நினைக்கிறேன். நானும் அவனைத்தான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் பலகாரத்தை விழுங்கிவிட்டுச் சொன்னாள்:

"அவளுக்குச் சொல்லாதேங்கோ அண்ணை. இவளுக்குச் செவ்வாய் இல்லையெண்டா சபேசன்ர சம்பந்தம் முறிஞ்சுபோம். முப்பத்து நாலு வயசில இனி நான் எங்கை போய்த் தேடுறது? உங்களுக்கும் மரியாதை இல்லை."

கடைசியாகச் சொன்னதுதான் என்னைப் பிடித்தது. வீட்டுக்குப் போகிற பஸ் பயணம் முழுவதும் என் மரியாதையைப் பற்றித்தான் யோசித்தேன். வெட்கக்கேடான விஷயம், ஆனால் அதுதான் உண்மை.

சனிக்கிழமை காலை சிந்துஜா காரைக் கழுவப்போகிறேன், வாங்கோ மாமா என்றாள். ஊரில் கார் கழுவுவது என்றால் ஒரு வாளியும் ஒரு துணியும். இங்கே காரை ஒரு குகைக்குள் விட்டுவிட்டு உள்ளேயே இருக்கவேண்டும். அது தானாக ஊர்ந்து போகும். முன்கண்ணாடி முழுவதும் சவர்க்கார நுரை மூடியது. இரண்டு பக்கமும் பெரிய தூரிகைகள் வந்து கதவில் அடித்தன. இறங்கி ஓட முடியாத இடம் என்பதால் அங்கேயே சொல்லிவிடலாம் என்று பட்டது.

"பிள்ளை, உன்ர சாதகத்தில நான் ஒரு பிழை விட்டிட்டன். உனக்குச் செவ்வாய் இல்லை."

எல்லாவற்றையும் சொன்னேன். கோடை மணி, தேசப்படப் புத்தகம், கிழவர், கும்பம், மகரம். தூரிகைச் சத்தத்தில் கத்திச் சொல்லவேண்டியிருந்தது. அவள் ஸ்ரியரிங்கில் கை வைத்தபடி நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் அடித்து, காற்று அடித்து, கண்ணாடி துலங்கி, கார் வெளியே வந்து வெயிலில் நின்றபோதுதான் வாய் திறந்தாள்.

"எவ்வளவு பிழை?"

"ஒரு மணித்தியாலம்."

"ஒரு மணித்தியாலம்" என்று திருப்பிச் சொன்னாள். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். அவள் காரை ஓரமாக எடுத்து நிற்பாட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கௌதமனின் பெயரை எடுத்து என்னை மன்னித்துக்கொள் என்றேன்.

"Stop, மாமா" என்றாள். "நீங்கள் ஒரு மணித்தியாலந்தான் பிழைவிட்டனீங்கள். அவன் நாலு வருசம் என்னோட திரிஞ்சவன், தாய் சொன்ன உடனை ஓம் அம்மா எண்டு போயிட்டான். அது உங்கட கணக்கில வராது."

பிறகு, "நாளைக்கு ஸ்ரௌவ்வில்லுக்கு நான்தான் போவன். வேற ஆள் இல்லை எண்டுதான் ஓம் சொல்ல இருந்தனான். அது அந்த மனுசனுக்கும் நல்லதில்லை. நேரில போய்ச் சொல்லோணும். நீங்களும் வாங்கோ" என்றாள்.

வீட்டில் பரமேஸ் அழுதாள். மகளுக்குச் செவ்வாய் இருக்கிறது என்று அத்தனை வருடம் அழுதவள், அன்று செவ்வாய் இல்லை என்று அழுதாள். மத்தியானம் மீன்குழம்பு வைத்தாள், எனக்கு ஒரு துண்டு குறைவாகப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பரமேஸ் முழங்கால் வலி என்று வரவில்லை. சபேசனின் தாயார் மறுபடி அதே மேசையை நிரப்பியிருந்தார். சிந்துஜா ஒன்றையும் தொடாமல், நின்றபடியே சொன்னாள். தனக்குச் செவ்வாய் இல்லை, மாமாவின் கணக்கில் ஒரு மணித்தியாலம் பிழைத்துவிட்டது, அதைச் சொல்லத்தான் வந்தாளாம், மன்னிக்கவேண்டுமாம். தாயார் கதிரையில் இருந்துவிட்டார். சபேசன் தலையாட்டினான். "சொன்னது நல்லது" என்றான். அவளைத் தேநீர் குடிக்கச் சொன்னான். பிறகு என்னிடம் வந்தான்.

"அங்கிள், என்ர சாதகக் குறிப்பையும் ஒருக்கால் பாப்பீங்களோ? எங்கயாவது ஒரு மணித்தியாலம் பிழைச்சிருக்குமோ எண்டு."

பிளாஸ்ரிக் உறை போட்ட குறிப்பைக் கொண்டுவந்து வைத்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டேன். அரை மணித்தியாலம் எடுத்தது. அவ்வளவு நேரமும் அவன் உட்காரவில்லை. பரீட்சை மறுமொழிக்கு நிற்கிற பிள்ளை மாதிரி சுவரோரம் நின்றான். கணித்தவர் யாரோ நல்ல கவனமான ஆள். நாழிகை, விநாழிகை வரை சரி. செவ்வாய் எட்டில்தான் இருந்தது. அசையவில்லை.

நான் பேனாவை மூடினேன். "இதிலயும் பிழை இருக்கு தம்பி. செவ்வாய் எட்டில இல்லை, ஒன்பதில" என்றேன்.

அவன் குறிப்பைக் கையில் எடுத்தான். உறையைத் தடவிப் பார்த்தான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்கு வாசிக்கத் தெரியாது என்று நினைக்கிறேன். கண் கலங்கி வந்தது. நாற்பத்திரண்டு வயது ஆள் அழுவதைப் பார்க்க எனக்குத் தாங்காது. குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அவன் எடுத்துவர உள்ளே போனான். தாயார் என்னையும் சிந்துஜாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப ரெண்டு பேருக்கும் செவ்வாய் இல்லையெண்டா, அதுவும் பொருத்தந்தானே?"

"இல்லை அன்ரி" என்றாள் சிந்துஜா. "நான் வேண்டாம் எண்டு சொல்லத்தான் வந்தனான்."

சமையலறையிலிருந்து சபேசன், "அம்மா, அவவை விடுங்கோ" என்றான். குரல் தெளிவாக இருந்தது. வாசல்வரை வந்து வழியனுப்பினான். ஒரு பை நிறைய மிளகாயும் தந்தான்.

திரும்பும்போது சிந்துஜாதான் காரை ஓட்டினாள். சிவப்பு விளக்கில் கார் நின்றது.

"மாமா, உண்மையாவே அவரின்ர குறிப்பில பிழையோ?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. ஒரு நாளைக்கு ஒன்று போதும் என்று பட்டது. "இல்லை. எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பச்சை விழுந்தது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். அவள் எடுக்கவில்லை.

"அப்ப எனக்கும் உப்பிடித்தானோ சொன்னனீங்கள்?"

இல்லை என்றேன். கோடை மணி உண்மை என்றேன். மிஸிஸ் லியூவைக் கேள், அந்தக் கிழவரைக் கேள், கடதாசி கூட என் பையில்தான் இருக்கிறது என்று எடுத்து நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை. "சரி மாமா" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள். வாயோரத்தில் சின்னச் சிரிப்பு ஒன்று இருந்தது, பெரியவர்களை மன்னிக்கிறபோது பிள்ளைகளுக்கு வருகிற சிரிப்பு. நாற்பது வருடத்தில் என் கணக்கை நம்பாதே என்று நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. என் பிழையை அவள் முப்பத்து மூன்று வருடம் நம்பினாள். சரியை ஒரு நாள்தான்.